அரை ஓட்டு

1

இந்தக் கதைக்குக் காரணம் ஒரு கட்டுரை. மேலவைத் தேர்தலில் விருப்ப வரிசைப்படி ஓட்டுப் போடுவது எப்படி என்று எல்லோருக்கும் புரியும்படி எழுதித் தரச் சொன்னார் ஒரு பத்திரிகை ஆசிரியர். எழுதினேன். வாசித்துக் காட்டியபோது இரண்டாவது பத்தியிலேயே என் மனைவி குறட்டை விட்டாள். கதையாகச் சொன்னால் தூங்கமாட்டீர்கள் என்று ஒரு நப்பாசை.

2

முதல் தொடக்கம்: வானம் கருத்துக் கிடந்தது, வாக்காளர்களின் மனம்போல—

(வேண்டாம். வானத்துக்கும் தேர்தலுக்கும் என்ன சம்பந்தம்?)

இரண்டாம் தொடக்கம்: லிஃப்ட் மெக்கானிக் ஒருத்தி மேலவைக்குப் போட்டியிட்டாள்.

இது தேவலை. ஊரில் பாதி அடுக்குமாடிகளில் லிஃப்ட் ஓடவில்லை. மூட்டுவலிக்காரர்கள் மாதக்கணக்கில் தரையை மிதிக்கவில்லை. சட்டம் வராமல் இது தீராது என்று அவளே களத்தில் குதித்தாள். புருஷனுக்கு ஜெராக்ஸ் கடை என்பதால் நோட்டீஸ் செலவு மிச்சம்.

3

மொத்தம் இரண்டு இடம். சீட்டில் பெயர்களுக்கு எதிரே பிடித்த வரிசைப்படி 1, 2, 3 என்று எண் போடவேண்டும். ஒன்று டாக்டரம்மாவுக்கு என்பது ஊருக்கே தெரியும். மெக்கானிக் தம்பதியின் மகள் மூச்சுத்திணறிக் கிடந்தபோது மீட்டுக் கொடுத்தவரும் அவர்தான். மற்ற இடத்துக்கு இவளோடு மோதியவர் பாத்திரக்கடை முதலாளி.

(நான்காவதாக ஒரு நீச்சல் பயிற்சியாளரும் இருந்தார். ஓட்டுக் குறைவு, நீக்கிவிட்டார்கள். அவருடைய சீட்டுகள் அவற்றில் அடுத்த எண் பெற்றவர்களுக்குப் போயின. நல்ல நகைச்சுவை வசனமாக இரண்டு அவருக்கு எழுதி வைத்திருந்தேன். அவைதான் யாருக்கும் போகவில்லை.)

அவள் வீடுவீடாகப் போனாள்.

"டாக்டரம்மாவுக்கே ஒண்ணாம் நம்பர் போடுங்கக்கா. எனக்கு ரெண்டாம் நம்பர் போட்டா போதும். அவங்களுக்குத் தேவைக்கு மேல விழுறது வீணாப் போகாது, எங்கிட்ட வந்துடும்."

"முழுசா வருமா?"

"முழுசா எப்படி வரும்? மிச்சத்துக்குத் தகுந்த பங்கு வரும்."

(என் மனைவி தூங்கிய இடம் இதுதான். கொஞ்சம் பொறுங்கள். ஜெயிக்க ஆயிரம் போதும். டாக்டரம்மாவுக்கு விழுந்தது இரண்டாயிரம். பாதி மிச்சம். ஆகவே அவருடைய ஒவ்வொரு சீட்டும், அதில் யாருக்கு 2 போட்டிருக்கிறதோ அவருக்கு அரை ஓட்டாகப் போகும். அவ்வளவுதான். விழித்திருக்கிறீர்களா?)

4

கடைசியில் பாத்திரக்கடைக்காரர் ஜெயித்தார். அரை ஓட்டு வித்தியாசம்.

சினிமாத்தனமாக இருக்கிறது என்பீர்கள். இருக்கட்டும். ஆயிரம் ஓட்டில் தோற்றிருந்தால் அவள் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள், எனக்கும் கதை இருந்திருக்காது.

5

வீட்டில் அவள் புருஷன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான்.

"அரை ஓட்டுங்க," என்றாள்.

"கேள்விப்பட்டேம்மா."

அவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. சாவடிக்குள் மகளின் நினைவு வந்து, டாக்டரம்மாவுக்கு ஒன்று போட்டிருந்தான். மனைவிக்கு இரண்டு. வீணாகாது என்று அவள் எழுதிய நோட்டீஸை அவன்தானே கட்டுக்கட்டாக நகலெடுத்தான்! அவனுடைய ஓட்டில் அவளுக்குப் போய்ச் சேர்ந்தது பாதி.

முடிவு அ: "எனக்கு எத்தனை போட்டீங்க?" என்று அவள் கேட்க, அவன் ஒன்று என்று கூசாமல்—

எழுத வரவில்லை. அவள் கேட்கவே மாட்டேன் என்கிறாள். ஏன்? சந்தேகம் வந்து, இதுவரை நான் எட்டிப் பார்க்காத அவளுடைய சீட்டைப் பார்த்தேன். அடிப்பாவி! டாக்டரம்மாவுக்கு ஒன்று. தனக்கு இரண்டு. ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுத் தான் மட்டும் மாற்றிப் போட அவளுக்கு மனசு வரவில்லை.

இருவரில் ஒருவர் மாற்றி அவளுக்கு ஒன்று போட்டிருந்தால் அரை ஓட்டு கூடிச் சமம். இருவருமே மாற்றியிருந்தால் அவள் இப்போது உறுப்பினர்.

ரகசிய ஓட்டு. வாயைத் திறக்காவிட்டால் ஆயுசுக்கும் தெரியப்போவதில்லை. முடிவு ஆ, முடிவு இ என்று இரண்டும் எழுதிக் கிழித்தேன். இனி உங்கள் பாடு. நான் கேட்டது இவ்வளவுதான்:

"ஏங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நானும் சொல்லணும்."

"சரி, நீங்க முதல்ல."

"இல்லம்மா, நீ முதல்ல."