மேலடுக்கில் ஒன்பது

இயந்திரத்துக்குள் கேஸ் வெடிக்கும்போது பெரிய சத்தம் ஒன்றும் வராது. தடித்த இரும்பு மூடிக்குள் யாரோ ஒரே ஒரு முறை குத்திய மாதிரி 'தொம்' என்று கேட்கும். காலடியில் தரை லேசாக அதிரும். அவ்வளவுதான். புதன்கிழமை காலை அந்தத் தொம் கேட்டபோது யோகேஸ்வரி கழுவும் தொட்டிக்கு முன்னால் நின்று வால்வுகளில் ஒட்டியிருந்த எண்ணெயைப் போக்கிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் வாசுகி தெரிவாள், இயந்திரம் ஓட்டுகிறவளுக்கென்று கொடுத்த நீலச் சட்டை தெரியும். அந்தச் சட்டையைப் பார்த்தால் வயிறு எரியும் என்பது அவளுக்கே நன்றாகத் தெரியும்.

பாசிர் கூடாங்கில் இருந்த அந்தத் தொழிற்சாலையில் எஃகு வால்வுகள் செய்தார்கள். துளை போட்ட இடத்தில் பிசிறு நிற்கும். வெளியே நிற்பதைச் சீவிவிடலாம். உள்ளே இரண்டு துளைகள் சந்திக்கும் இடத்தில் நிற்கும் பிசிறுதான் உயிரை வாங்கும். பதினோரு வருஷம் யோகேஸ்வரி வளைந்த கத்தியை உள்ளே விட்டு, பூதக்கண்ணாடியில் கண்ணைப் பதித்து அதைச் சுரண்டியவள். கத்தியின் மேல் அவளுக்கு எந்தப் பாசமும் இல்லை. தோள்பட்டை வலியைத் தவிர அது தந்தது எதுவும் இல்லை. புது இயந்திரம் வந்தபோது அவளைவிடச் சந்தோஷப்பட்டவர் யாரும் இருந்திருக்க முடியாது. வால்வுகளை அறைக்குள் அடைத்து, கேஸும் ஆக்சிஜனும் நிரப்பி, ஒரு பொறி வைத்தால் போதும். கண் இமைப்பதற்குள் தீ எல்லாத் துளைக்குள்ளும் நுழைந்துவிடும். மெல்லிய பிசிறு தாங்காமல் எரிந்துபோகும், தடித்த உடம்பு சூடாவதோடு சரி. இரண்டு வாரப் பயிற்சிக்கு அவளையும் வாசுகியையும் அனுப்பினார்கள். இயந்திரம் தனக்குத்தான் என்று உலு திராமில் தான் குடியிருக்கும் தாமான் முழுக்க அவள் சொல்லியும் வைத்துவிட்டாள். கடைசியில் எஞ்சினியர் ஹேமநாதன் வாசுகியின் பெயரைப் போட்டார், மூன்று மாதத்துக்குத் தற்காலிகமாக. யோகேஸ்வரிக்குக் கழுவுகிற வேலையும் தட்டில் அடுக்குகிற வேலையும் வந்தன.

வேறு யாராக இருந்தாலும் பொறுத்திருப்பாள். வாசுகி அவளுடைய ஓரகத்தி, கொழுந்தன் மனைவி. நாலு வருஷத்துக்கு முன் ஆபீசில் கெஞ்சி அவளைத் தொழிற்சாலையில் சேர்த்துவிட்டதே இவள்தான். போன வெள்ளிக்கிழமை கோயிலில் மாமியார் ராசம்மா யாரோ கேட்டதற்கு, "சின்ன மருமவ டெக்னீஷியன் ஆயிட்டா" என்று சொன்னார். பெரிய மருமகள் பக்கத்திலேயே அர்ச்சனைத் தட்டோடு நின்றாள். அவள் என்ன ஆனாள் என்று யாரும் கேட்கவில்லை. வாசுகிக்குத் தலைக்கனமாவது வந்திருந்தால் நிம்மதியாக வெறுத்துத் தொலைத்திருக்கலாம். அவளோ இன்றைக்கும் யோகேஸ்வரியின் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து, இரண்டு பேருடைய சாப்பாட்டுப் பையையும் மடியில் வைத்துக்கொண்டு, வாய்க்கு வாய் அக்கா அக்கா என்கிறாள். அந்த மரியாதைதான் எல்லாவற்றையும்விட அதிகமாக உறுத்தியது.

தட்டுக்கு ஒரு கணக்கு இருந்தது. இரண்டு அடுக்கு, மேலே ஒன்பது வால்வு, கீழே ஒன்பது. பதினெட்டும் சேர்ந்து தாங்கும் சூட்டுக்குத்தான் கேஸ் அளந்து வைத்திருக்கிறது. கடைசித் தட்டில் வால்வு குறைந்தால், கழித்துப் போட்ட பழைய வால்வுகளை எடுத்து இடத்தை நிரப்ப வேண்டும். நிரப்பாவிட்டால் அத்தனை சூடும் இருப்பவற்றின் மேல் விழுந்து திருகு மரையைத் தின்றுவிடும். அடுக்குவது ஒருத்தி, எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு இயந்திரத்தை ஓட்டுவது இன்னொருத்தி. முதல் வாரம் வாசுகி ஒழுங்காகத்தான் எண்ணினாள்.

"என்ன வாசுகி, பதினெட்டு வரைக்கும் எனக்கு எண்ணத் தெரியாதா?" என்று யோகேஸ்வரி ஒருநாள் கேட்டாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

வாசுகியின் முகம் சுருங்கிப்போனது. மூத்தவள் செய்த வேலையை அவள் கண் முன்னாலேயே சரிபார்ப்பது அந்தக் குடும்பத்தில் அவமரியாதை. அதன் பிறகு அவள் எண்ணவே இல்லை. தட்டு வந்தால் கையெழுத்துப் போட்டுவிடுவாள்.

அந்தப் புதன்கிழமை கடைசித் தட்டுக்குப் பதினோரு வால்வுகள்தான் மிஞ்சின. யோகேஸ்வரி குனிந்து பழைய வால்வுப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தும்விட்டாள். அப்போதுதான் இயந்திரத்தின் திரைக்குப் பக்கத்தில் ஹேமநாதன் பேசுவது காதில் விழுந்தது.

"வெள்ளிக்கிழமை உங்க கன்ஃபர்ம் லெட்டர் வந்துரும் வாசுகி. ரெண்டாவது மெஷின் வந்தா நீங்கதான் ஆள் ட்ரெயின் பண்ணணும்."

"யாரை சார்?"

"யோகேஸைத்தான். உங்களுக்குக் கீழ போட்டுரலாம்."

யோகேஸ்வரி கையில் இருந்ததைச் சத்தமில்லாமல் பெட்டியிலேயே வைத்தாள். மேலடுக்கில் ஒன்பதை நிரப்பினாள். மீதி இரண்டைக் கீழே வைத்தாள். நின்று பார்த்தால் தட்டு நிறைந்த மாதிரிதான் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு இயந்திரத்துக்கு வந்தாள்.

"ரெடியா அக்கா?"

"ரெடி லா."

வாசுகி கையெழுத்துப் போட்டாள். மூடி இறங்கியது. கேஸ் நிரம்ப இருபது விநாடி ஆகும். நிறுத்துகிற சிவப்புப் பொத்தான் யோகேஸ்வரிக்குக் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். இருபது விநாடியும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

தொம்.

எப்போதும் கேட்கும் அதே சத்தம்தான். மூடி ஏறியதும் துருநிறப் பொடி படிந்து வால்வுகள் வெளியே வந்தன. ஹேமநாதன் கையுறையோடு ஒன்றை எடுத்துத் துடைத்துப் பார்த்தார். வாய்ப்பக்கத்து மரை, சப்பிப் போட்ட மிட்டாய் மாதிரி மழுங்கிக் கிடந்தது.

"அலமாக்! தட்டுல எத்தனை வச்சீங்க?"

வாசுகி குனிந்து கீழடுக்கைப் பார்த்தாள். நிமிர்ந்த பிறகும் யோகேஸ்வரியின் பக்கம் அவள் பார்வை போகவில்லை.

"பதினொண்ணுதான் சார். நான் எண்ணாம விட்டுட்டேன்."

"அடுக்குனது யாரு?"

"கையெழுத்து என்னோடது சார்."

யோகேஸ்வரி பதில்களைத் தயாராக வைத்திருந்தாள். வாசுகி கை நீட்டிக் காட்டியிருந்தால், எண்ணுவது உன் வேலைதானே என்று நாலு பேர் முன்னால் கேட்டிருப்பாள். இப்போது அந்தப் பதில்களைக் கேட்க ஆளில்லை. அவளுக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்ததென்னவோ பழைய எரிச்சல்தான், முன்னைவிடக் கூடுதலாக. திட்டு வாங்குகிற இடத்தில்கூட இவள் உயர்ந்து நிற்கிறாளே, இந்தக் குணமும் இவளுக்கே போக வேண்டுமா என்று இருந்தது.

ஹேமநாதன் கெட்டுப்போன வால்வுகளைப் பெட்டியில் அள்ளிப் போட்டார். "அடுத்த லாட் நிக்கக் கூடாது. யோகேஸ், நீங்க ஓட்டுங்க. வாசுகி அடுக்கட்டும். லெட்டர் யாருக்குன்னு அப்புறம் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

திரைக்கு முன்னால் இருந்த நாற்காலியில் யோகேஸ்வரி உட்கார்ந்தாள். வாசுகி உட்கார்ந்திருந்த சூடு அதில் இன்னும் இருந்தது. மூன்று மாதமாகக் கனவில் உட்கார்ந்த இடம். கழுவும் தொட்டிப் பக்கம் வால்வுகள் தட்டில் விழும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. எண்ண வேண்டும் என்று தோன்றியபோது பாதி முடிந்திருந்தது. வாசுகி தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். தாளையும் பேனாவையும் பக்கத்தில் வைத்தாள்.

மேலடுக்கில் ஒன்பது வால்வுகள் பளபளத்தன. கீழடுக்கு தெரிய வேண்டுமானால் குனிய வேண்டும். தான் செய்ததை இவள் செய்யமாட்டாள் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? செய்தால் கையெழுத்து யாருடையது? குனிந்து பார்த்தாலோ, தன் வாயாலேயே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்ட மாதிரி. யோகேஸ்வரி வாசுகியின் முகத்தைப் பார்த்தாள். கோபமா அழுகையா என்று அதில் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"எண்ணிப் பாத்துக்கோங்கக்கா" என்றாள் வாசுகி மெதுவாக. "நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

யோகேஸ்வரி பேனாவைக் கையில் எடுத்தாள். தாளில் பெயர் எழுதும் இடம்வரை கொண்டுபோனாள். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். மேலடுக்கின் நிழலில் முதலில் ஒன்றும் தெரியவில்லை.