நாற்பத்தேழாம் பக்கம்

பள்ளிக்கூட அதிபரின் அறை வாசலில் வாங்கு கிடந்தும் பெரியாயி உட்காரவில்லை. அன்று தோட்டத்தில் காலையில் பேர் பதியும் பெரட்டுக்குப் போகாமல் ஹாலிஎலயில் பஸ் பிடித்துப் பதுளைக்கு வந்திருந்தாள். தேயிலைக் கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல்கள் மகளின் இலக்கியப் புத்தகத்தை இறுகப் பிடித்திருந்தன. அவளுக்கு வாசிக்கத் தெரியாது. நாற்பத்தேழாம் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு தீக்குச்சி வைத்திருந்தாள். பக்கத்தில் ஜெயலெட்சுமி வெள்ளைச் சட்டையில் தலை குனிந்து நின்றாள்.

அவர்களுடைய லயத்து வரிசை வீடுகளிலிருந்து டவுன் பள்ளிக்கூடத்துக்கு வந்த முதல் பிள்ளை அவள். போன வாரம் முழுக்க அவள் கொண்டுபோன ரொட்டி தின்னாமலே திரும்பி வந்தது. இந்த வாரம் மூன்று நாள் பள்ளிக்கூடமே போகவில்லை. தாய் கேட்டுக் கேட்டுச் சலித்த பிறகுதான் அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினாள். கதையில் ஒரு முதலாளியின் மனைவி, வேலைக்கு வந்த தோட்டத்துச் சிறுமியைப் பார்த்துச் சொல்கிறாள்: "தோட்டக்காட்டுக் கழுதைக்குத் தட்டு எதற்கு? சிரட்டை போதும்."

அந்தப் பக்கத்தை வகுப்பில் வாசித்த மறுநாள், இடைவேளையில் ஜெயலெட்சுமியின் மேசையில் ஒரு தேங்காய்ச் சிரட்டை இருந்தது.

அதிபர் வீரசிங்கம் உள்ளே கூப்பிட்டார். இலக்கியம் படிப்பிக்கும் நளீரா டீச்சரும் அங்கே இருந்தார்.

"இது பேர்போன நாவல், அம்மா. அந்தக் காலத்துக் கொடுமையைக் காட்டத்தான் அப்பிடி எழுதியிருக்கு" என்றார் அதிபர்.

"காட்டுறது சரிங்க ஐயா. அத வச்சுத்தானே எம்புள்ளய கூப்புடுறாங்க. வகுப்புல, கதையில வர்ற அந்தச் சின்னப்புள்ள பேசுறதயும் இவளத்தான் வாசிக்கச் சொன்னாங்களாம்."

நளீரா டீச்சரின் முகம் சிவந்தது. "வடிவா வாசிப்பாண்டுதான் குடுத்தேன். வேற ஒண்டும் நெனச்சுக் குடுக்கல்ல." பிறகு அதிபரிடம் திரும்பினார். "சேர், அந்தத் 'தோட்டக்காட்டு' வார்த்தை ஏன் பிழைண்டு முதல்ல ஒரு பாடம் எடுக்கிறேன். பொறகு நாவலுக்குப் போகலாம்."

"அதுக்கு நேரம் எங்க டீச்சர்? டிசம்பரில சோதனை. அந்தப் பக்கத்திலதான் கேள்வி வாறது." அதிபர் கொஞ்சம் யோசித்தார். "பிள்ளைக்கு மனசு கஷ்டமெண்டா, அந்தப் பாடத்துக்கு மட்டும் வெளியில இருக்கட்டும்."

"சிரட்டை வச்ச புள்ளைங்க?"

"சின்னப் பிள்ளையள். விளையாட்டு."

"தப்புப் பண்ணுனவங்களத்தானே ஐயா வெளிய நிப்பாட்டுவாங்க? எம்புள்ள என்னா தப்புப் பண்ணுனா?"

அதிபர் மேசையில் கிடந்த கடிதம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். நளீரா டீச்சர் வாய் திறந்தார். அதற்குள் மணி அடித்தது. சோக்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு, பெரியாயியின் முகத்தைப் பார்க்காமல் வகுப்புக்குப் போனார்.

"வீட்டுக்குப் போயிருவோமா புள்ள?" என்று வெளியே வந்து பெரியாயி கேட்டாள்.

"போனா சோதனையில என்னாத்த எழுதுறது?" என்றாள் ஜெயலெட்சுமி.

விறாந்தையில், வகுப்பு ஜன்னலுக்குக் கீழே, அவள் வெறுந்தரையில் உட்கார்ந்து கொப்பியைத் தொடையில் விரித்தாள். உள்ளே யாரோ ஒரு பிள்ளை முதலாளியின் மனைவி பேசும் வரியைக் குரல் உயர்த்தி வாசித்தது. சிரிப்புச் சத்தம் கேட்டது. டீச்சர் மேசையைத் தட்டி அடக்கிவிட்டு, சோதனைக்கு வரக்கூடிய கேள்வியைச் சொன்னார்.

ஜெயலெட்சுமி ஜன்னல் பக்கம் காதைச் சாய்த்து, ஒரு சொல்லும் விடாமல் எழுதினாள்: 'வேலைக்காரச் சிறுமியின் பணிவை விளக்குக.'