ஒற்றை இழுப்பு

லீவில் வந்த பட்டாளத்துக்காரன் சும்மா இருப்பானா? மொட்டைமாடியிலிருந்து ஒரு கயிற்றை இறக்கி, சமையலறை ஜன்னலில் கட்டிவிட்டான். ஒரு இழுப்பு என்றால் ‘இருக்கேன்’. இரண்டு என்றால் ‘தூக்கு’. மாடியில் அவனுக்கு டீ வேண்டுமென்றாலும் இரண்டு இழுப்புதான்.

“ஏங்க, வாய் இல்லையா உங்களுக்கு?” என்று மனைவி கீழிருந்து கத்துவாள்.

“உள்ள இறங்கினா வாய் உதவாதும்மா. கயிறுதான் பேசும்.” வெள்ளத்திலும் இடிபாட்டிலும் சிக்கியவர்களை மீட்பது அவன் வேலை.

ஒருநாள் காலை இருவரும் அவள் தம்பியின் சலவைக்கடைக்குப் போனார்கள். பின்பக்கம் மாதக்கணக்காய் மூடிக் கிடந்த தண்ணீர்த்தொட்டியைக் கழுவ வேண்டியிருந்தது. “மாமா வந்தா கயிறு, முடிச்சுன்னு பொழுதப் போக்கிடுவார். அதுக்குள்ள முடிச்சிடலாம்” என்று சிரித்துக்கொண்டே தம்பி ஏணி வைத்து இறங்கியிருக்கிறான். உள்ளே விஷக்காற்று. இவர்கள் போய்ச் சேர்ந்தபோது அவன் அடியில் சுருண்டு கிடந்தான். கடையில் வேலை பார்க்கும் இஸ்திரிக்காரர் பதறிப்போய் ஏணியில் கால் வைத்திருந்தார்.

பட்டாளத்துக்காரன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தான். “நீங்களும் விழுந்தா ரெண்டு பேரைத் தூக்கணும். அந்தப் பெரிய ஃபேனைத் தொட்டி வாய்க்குத் திருப்புங்க. தீயணைப்புக்குப் போன் போடுங்க.”

“வண்டி வரட்டுங்க” என்றாள் மனைவி.

“அதுவரைக்கும் உன் தம்பி தாங்கமாட்டான்.” துணி கட்டும் கயிற்றில், இறுகாத வளையம் ஒன்று போட்டு மார்பில் மாட்டிக்கொண்டான். மறுநுனியை அவள் கையில் கொடுத்தான்.

“என்னால முடியுமாங்க?”

“முடியும். இந்த பாஷை உனக்குத்தானே தெரியும்? யாரு மேல வந்தாலும் உடனே கயித்தத் திரும்ப இறக்கு. என்ன ஆனாலும் நீ இறங்காதே.”

மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். ஒரு இழுப்பு வந்தது. பிறகு இரண்டு. அவளும் இஸ்திரிக்காரரும் சேர்ந்து இழுத்தார்கள். வளையத்தில் வந்தது தம்பி. மூச்சு இருந்தது, தெய்வமே! ஆனால் அடியில் இருந்தவனுக்குக் கயிறு இல்லை. தன் கயிற்றைக் கழற்றி இவனுக்கு மாட்டியிருக்கிறான், பாவி மனுஷன்.

தம்பியிடமிருந்து வளையத்தை உருவி உள்ளே இறக்கினாள். ‘இருக்கீங்களா’ என்று ஒரு இழுப்பு இழுத்தாள். பதில் இல்லை. ஏணி பக்கத்திலேயே இருந்தது. அவள் கால் தானாக அதன்மேல் போயிற்று. இறங்கினால் கயிற்றை யார் படிப்பது? காலை எடுத்துக்கொண்டாள். வாழ்நாளில் அவள் செய்த ஆகக் கடினமான காரியம் அதுதான்.

மறுபடி இழுத்தாள். கயிறு லேசாய் அசைந்தது. ஒரே ஒரு இழுப்பு.

“தூக்கலாமா?” என்றார் இஸ்திரிக்காரர்.

“இன்னும் மாட்டலண்ணே. இப்ப இழுத்தா வெறுங்கயிறுதான் வரும்.” பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

இரண்டு.

“இழுங்கண்ணே!”

மதியம் ஆஸ்பத்திரியில் அக்கா முகத்தைப் பார்க்கத் துணியாமல் தம்பி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். பக்கத்துக் கட்டிலில் மூக்கையும் வாயையும் மூடிய ஆக்ஸிஜன் மாஸ்க்கோடு அவள் கணவன். கண் திறக்கவில்லை. விரல்கள் மட்டும் தேடிப்பிடித்து அவள் புடவைத் தலைப்பை ஒருமுறை இழுத்தன.

“வாய் இல்லையா உங்களுக்கு?” என்று கேட்டுவிட்டு ஓவென்று அழுதாள்.