குழாயில் கட்டிய பச்சை ஒயர்

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள், கண்ணுகளா. கதவோரம் ஒதுங்கி உட்கார்ந்திருக்கும் பிள்ளையும் வரட்டும். இன்றைக்கு ஒரு கம்ப்யூட்டர் கதை சொல்கிறேன். சிரிக்காதீர்கள். இதில் பேய் இல்லை, பிசாசு இல்லை. ஆனாலும் பயமாக இருக்கும். பயந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரத்து நான்காம் வருஷம். திருவண்ணாமலையில், கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் தண்டாயுதபாணி குருக்கள் வீடு. அவர், மனைவி அபீதகுஜாம்பாள், மகன் சோமேஷ், மருமகள் பத்மஜா. சோமேஷுக்கு வேங்கிக்காலில் ஆபீஸ் வேலை. பத்மஜா படம் போடுகிறவள். காகிதத்தில் இல்லை. கட்டப்போகிற கட்டடத்தை முன்னாலேயே கம்ப்யூட்டரில் எழுப்பி, ஜன்னல் வழியாக வெயில் விழுவது வரை காட்டிவிடுவாள். சென்னை என்ஜினியர் ஒருவர் வேலை அனுப்புவார். அதற்காகவே பின்னறையில் கம்ப்யூட்டர் வாங்கி வைத்தார்கள்.

முதல் நாளே பெட்டியின் தகட்டைத் தொட்டால் விரல் சுருக்கென்றது. எலக்ட்ரீஷியன் சகாதேவனைக் கூப்பிட்டார்கள்.

"இந்த வூட்டுல எர்த்தே இல்லம்மா. அந்தக் காலத்து ஒயரிங்."

"இப்போ என்ன பண்றது?"

"பின்னாடி இரும்புப் பைப்பு மண்ணுக்குள்ள போவுதில்ல? அதுல கட்டிட்டா கரண்ட் பூமிக்குப் போயிடும். நெறைய வூட்டுல அதான் பண்றோம்."

பச்சை ஒயர் ஒன்று ஜன்னல் வழியாக இறங்கிக் குழாயின் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. போகிற போக்கில் மேஜைக்கு அடியில் ரப்பர் ஷீட் ஒன்றையும் விரித்து, "காலை இதுமேல வெச்சிக்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகு பத்மஜாவுக்கு ஷாக் அடிக்கவில்லை. ஒயர்தான் காப்பாற்றுகிறது என்று நினைத்தாள். காப்பாற்றியது ரப்பர். அந்த இரும்புப் பைப்பை எப்போதோ மண்ணுக்குள் வெட்டி, கீழே பிளாஸ்டிக் பைப்பைச் சேர்த்திருந்தார்கள். மேலே மண் மூடிவிட்டதால் யாருக்கும் தெரியவில்லை. கரண்ட் பூமிக்குப் போக வழியில்லாமல் குழாயிலேயே நின்றது.

அந்தக் குழாயைக் குருக்கள் மட்டும்தான் தொடுவார். மடிக்கென்று, அதாவது பூஜைச் சுத்தத்துக்கென்று, வைத்த குழாய். காலையிலும், சாயரட்சைப் பூஜைக்கு முன்னால் மாலையிலும் அதில் குளித்துவிட்டு ஈர வேஷ்டியோடு வருவார். அப்போது அவரை யாரும் தொடக்கூடாது, பெண்டாட்டியானாலும். கல்யாணமான நாளிலிருந்து அபீதகுஜாம்பாள் அந்த நேரத்தில் சுவரோடு ஒதுங்கி நின்றே பழகியவள்.

காலையில் கம்ப்யூட்டர் அணைந்திருக்கும். மாலையில் ஓடிக்கொண்டிருக்கும். மாலையில் மட்டும், குழாயைத் திறந்தால் குருக்களின் உள்ளங்கையில் எறும்பு ஊர்வது போல இருக்கும். ஈரக் கல்லில் வெறுங்காலோடு நின்ற அந்த மனிதர் என்ன நினைத்தார் தெரியுமா? அம்பாள் தொடுகிறாள் என்று நினைத்தார். சாயரட்சை வேளையில், தன்னை மட்டும். யாரிடமும் மூச்சு விடவில்லை. கண்ணை மூடிக் குழாயை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார்.

நெஞ்சு அடித்துக்கொள்கிறதா? எனக்கும்தான். கேளுங்கள்.

ஐப்பசி மழையில் என்ஜினியர் ஒரு பெரிய கல்யாண மண்டபத்துக்குப் படம் கேட்டார். கம்ப்யூட்டர் திணறியது. பாதிப் படத்தில் நின்று நின்று போயிற்று.

"என்னடி, மண்டபமே கட்டலை, அதுக்குள்ள உள்ளே வெயில் அடிக்கறதா?" என்றாள் மாமியார். "கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பி விடு. கொடியில துணி காயலை."

படம் வேகமாக ஓட கிராபிக்ஸ் கார்டு போட வேண்டும், அதற்குக் கரண்ட் கொடுக்கப் பெரிய பவர் சப்ளையும் வேண்டும் என்றான் கடைக்காரன். சோமேஷ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கடையிலேயே இரண்டையும் மாட்டி வாங்கி வந்தான். கடையில் மாட்டியவன் அவசரத்தில் ஒரு ஒயரைத் தகட்டோடு வைத்து நசுக்கிவிட்டிருந்தான். அதுவரை கசிந்த கரண்ட் இப்போது முழுசாகத் தகட்டில் ஏறக் காத்திருந்தது. தகட்டிலிருந்து பச்சை ஒயர். ஒயரிலிருந்து குழாய்.

அன்று மாலை பத்மஜா ரப்பர் மேல் காலை வைத்து ஸ்விட்சைப் போட்டாள். மண்டபம் திணறாமல் சுழன்றது. தூண்கள், படிகள், தரையில் விழுந்த வெளிச்சம் எல்லாம் வந்துவிட்டன. அவள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே வெளியே செம்பு உருளும் சத்தம் கேட்டது.

ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். குருக்கள் குழாயைப் பிடித்தபடி வளைந்து நின்றிருந்தார். வாய் திறந்திருந்தது, குரல் வரவில்லை. தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் பார்வை ஜன்னல் விளிம்பில் கிடந்த பச்சை ஒயரைப் பிடித்துக்கொண்டே அவர் கை வரை போயிற்று.

"ஐயோ, ஏன்னா! என்னாச்சுன்னா!" அடுக்களையிலிருந்து அபீதகுஜாம்பாள் கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்தாள். ஈரத் தரை. வெறுங்கால். தொட்டால் இரண்டு உயிர்.

ஷாக் என்று கத்தினால் நிற்பாளா? புருஷனை இழுக்க இன்னும் வேகமாகத்தான் ஓடுவாள். பத்மஜாவுக்கு யோசிக்க நேரமில்லை. வாயில் வந்ததைக் கத்தினாள்.

"அம்மா! அப்பா மடி! தொடாதீங்கோ!"

நீட்டிய கை சட்டென்று மார்போடு ஒட்டிக்கொண்டது. கால் தானாக நின்றது. ஒரு மூச்சு நேரம்தான். அதற்குள் பத்மஜா பிளக்கைப் பிடுங்கிவிட்டாள். குருக்கள் துணி மூட்டையாகச் சரிந்தார்.

"இப்போ தொடலாம்மா! தொடுங்கோ!" என்று அழுதுகொண்டே ஓடினாள்.

ஆட்டோவில் வழி முழுக்க அவர் மூக்குக்குக் கீழே விரலை வைத்தபடியே இருந்தாள். மூச்சு வருகிறதா, ஆட்டோவில் அடிக்கும் காற்றுதானா, தெரியவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அவர் ஒருமுறை இருமினார். அதன்பிறகுதான் அவளுக்கே மூச்சு வந்தது.

உள்ளங்கை வெந்திருந்தது. உயிருக்குப் பயமில்லை என்றார்கள். மறுநாள் பேச்சு வந்தது.

"ரொம்ப நாளாவே கையில தெரியும்மா. அவதான் தொடறாள்னு..." முடிக்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சொல்லியிருக்கப்படாதாப்பா?"

"சொன்னா நின்னுபோயிடுமோன்னு பயம்."

"நின்னிருக்கணும்!" என்றாள் அபீதகுஜாம்பாள். "இத்தனை வருஷமா நான் தொட்டா ஆகாது. கரண்ட் தொட்டா அம்பாளா?" சொல்லிவிட்டு அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

விஷயம் கேட்டு சகாதேவன் வெளுத்த முகத்தோடு வந்தார். "சாமி, பைப்பு பூரா இரும்புன்னு நெனச்சிட்டேங்க." ஒயரைக் குழாயிலிருந்து அறுத்தெறிந்தார். கொல்லையில் ஆழமாகக் குழி தோண்டி, தகடு புதைத்து, கரியும் உப்பும் கொட்டிச் சரியான எர்த் போட்டார். நசுங்கிய ஒயரையும் மாற்றியாயிற்று. ஆனாலும் பத்மஜாவின் கை ஸ்விட்சுக்குப் போகவில்லை. கடைசியில் குருக்களே நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"போடும்மா. நான் குழாய்கிட்ட இல்லை. இங்கேதான் இருக்கேன்."

போட்டாள்.

அன்று சாயரட்சைக்குக் கிளம்புகையில் அவர் குழாயிலிருந்து எட்ட நின்று தயங்கினார். அபீதகுஜாம்பாள் கரண்ட் இருக்கிறதா என்று டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, தானே குழாயைத் திறந்தாள்.

"ஏதாவது தெரியறதா?" என்று கேட்டார்.

"தண்ணி வர்றது. குளியுங்கோ."

கையை விடுங்கள் கண்ணுகளா, கதை முடிந்தது. உங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் மட்டுமே வரட்டும். குளிக்கப் போனவர்கள் தலை துவட்டிக்கொண்டு திரும்பி வரட்டும். உங்கள் வீட்டில் யாருக்கு எது உறுத்தினாலும், உடனே சொல்ல வாயும் கேட்கக் காதும் இருக்கட்டும். எல்லாரும் நல்லா இருங்கள்.