குமராட்சி ரோட்டில் ஒரு சரசரப்பு

வடலூரில் ஒருவர் கொட்டாவி விட்டால், அவருக்கு எத்தனை பல் சொத்தை என்று கடலூரில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவேன் என்பார் தேவசகாயம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற காது அது. கேட்பவர்கள் சிரிப்பார்கள், அவரும் சேர்ந்து சிரிப்பார். மனைவியின் தம்பி அன்புமணி மட்டும் சிரிக்கவும் மாட்டான், நம்பவும் மாட்டான்.

அன்று காலை அன்புமணியின் காரில்தான் குமராட்சியிலிருந்து கடலூருக்குக் கிளம்பினார்கள். பின்சீட்டில் அன்புமணியின் மகள் சுவேதா. கடலூரில் ஒரு கல்லூரியில் அவளுக்குப் பத்து மணிக்கு வேலைக்கான இன்டர்வியூ. இதுவரை போன இடங்களில் எல்லாம் "சொல்லி அனுப்புறோம்" என்றவர்கள் சொல்லி அனுப்பவே இல்லை. இதையும் விட்டால் அடுத்த வருஷம்தான்.

ஊரைத் தாண்டியதும் ரோட்டில் உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார்கள். போகிற வண்டிகள் ஏறி மிதித்தால் காய் வெடித்து உளுந்து தனியே வந்துவிடும். உள்ளூர்க்காரன் ஒதுங்கிப் போனால் மரியாதையாக இருக்காது. அன்புமணி மெத்தைமேல் ஓட்டுகிற மாதிரி நடுவிலேயே ஓட்டினான்.

அதற்கப்புறம்தான் அந்தச் சத்தம். சரக்... சரக்...

"மச்சான், கேக்குதா?"

"டீக்கடை வர்றப்பல்லாம் உங்களுக்குக் கேக்கும்."

"பாட்ட நிறுத்து. ஏசியையும் நிறுத்து." தேவசகாயம் கண்ணாடியை இறக்கிக் காதை வெளியே நீட்டினார். "கிளட்ச்ச மிதிச்சு சும்மா உருள வுடு." கார் உருண்டது. சத்தமும் கூடவே வந்தது. "இன்ஜின் இல்ல. சக்கரத்தோட சுத்துது. வேகம் ஜாஸ்தியானா அதுவும் ஜாஸ்தியாவுது."

"போன வாரம்தான் சர்வீஸ் வுட்டேன் மாமா. எங்க வூட்டு ஃபேன்ல யானை பிளிறுதுன்னவருதானே நீங்க."

"பிளிறுச்சு. குட்டி யானை."

சுவேதா சிரித்தாள். உடனே மணியைப் பார்த்தாள். "நிறுத்திடாதீங்கப்பா. ஏற்கெனவே லேட்டு."

சிதம்பரத்தை நெருங்கும்போது சத்தம் சட்டென்று அடங்கியது. தேவசகாயம் காதை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"என்ன மாமா, தானா சரியாயிடுச்சா?" என்றான் அன்புமணி.

தேவசகாயத்துக்கு எக்ஸ்சேஞ்ச் ஞாபகம் வந்தது. லைன் இரைந்துகொண்டிருந்தால் அதில் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். இரைந்தது திடீரென்று அமைதியானால் எங்கோ ஏதோ தீய்ந்திருக்கும். ஆனால் இது டெலிபோன் இல்லை, கார். என்ன கோளாறு என்று அவருக்குப் பிடிபடவில்லை. இந்த மாதிரி இடத்தில் ஒரு யானையையோ புலியையோ அவிழ்த்துவிடுவது அவர் வழக்கம். இன்றைக்கு எலிகூட வரவில்லை. பின்னால் அந்தப் பெண் பையை மடியோடு அணைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்திப் பார்த்து ஒன்றுமில்லை என்றால் அவள் வேலை போய்விடும். நிறுத்தாமல் போனால்?

"என்னன்னு தெரியல மச்சான்" என்றார் மெதுவாக. "ஆனா நிறுத்து."

அன்புமணி அவரைத் திரும்பிப் பார்த்தான். அக்காவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அந்த வாயிலிருந்து "தெரியல" வந்ததே இல்லை. மறு பேச்சில்லாமல் ஓரம் கட்டினான்.

முன்சக்கரத்துக்கு உள்பக்கம், உளுந்துச் செடி கயிறாக முறுக்கிக்கொண்டு அச்சைச் சுற்றிக் கட்டைபோல இறுகியிருந்தது. இறுகியதால்தான் சத்தம் அடங்கியிருக்கிறது. குனிந்து பார்க்கும்போதே புகை நடுவில் ஒரு சின்னத் தீ நாக்கை நீட்டியது. கடலூரில் இருக்கும் மனைவிக்கென்று கொண்டுவந்த கேன் மோர் முழுவதையும் தேவசகாயம் அதன்மேல் கவிழ்த்தார். அன்புமணி வெறுங்கையாலேயே செடியைப் பிய்த்துப் போட்டான்.

கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்து மணி எப்போதோ தாண்டிவிட்டது. இன்டர்வியூ அறை வாசலில் நின்ற சூப்பரின்டெண்ட், "நேரம் முடிஞ்சுபோச்சும்மா" என்று கதவைச் சாத்தப் போனார். தேவசகாயத்துக்குப் பழைய வாய் திரும்பி வந்துவிட்டது.

"சார், கார் தீப்புடிச்சிடுச்சு. பனைமரம் ஒசரம். அந்த வெளிச்சத்துல சிதம்பரத்துல நாலு கோபுரமும் செவந்துபோச்சு. நான் ஊத்துன மோரு அப்படியே தயிராயிடுச்சுன்னா பாருங்க."

சூப்பரின்டெண்ட் சிரித்துவிட்டார். "காரணம் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணும் பெரியவரே." கதவு பாதி மூடியது. தேவசகாயம் சுவேதாவின் முகத்தைப் பார்த்தார். இனிமேல் உள்ளதை உள்ளபடி சொன்னாலும் எடுபடாது என்று அவருக்கே தெரிந்தது.

அன்புமணி முன்னால் வந்து, கொப்பளித்துக் கரி படிந்திருந்த இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். கதவு நின்றது.

"கோபுரமெல்லாம் செவக்கல சார். ஆனா தீப்புடிச்சது நெசம். எனக்கு ஒண்ணுமே கேக்கல. மாமாவுக்குத்தான் கேட்டுச்சு. அவரு நிறுத்துன்னாரு, நிறுத்துனேன். இல்லன்னா எங்க பொண்ணு உங்க முன்னாடி இப்ப நின்னுருக்க மாட்டா."