எடுத்தவளும் எடுக்காதவளும்

எங்கள் சபையில் இரண்டு வகை ஜனங்கள் உண்டு. எடுத்தவர்கள், எடுக்காதவர்கள். ஞானஸ்நானத்தைத்தான் சொல்கிறேன். எடுத்தவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள், பென்ஷன் வாங்குகிறவர்கள், இனி சர்க்காரிடம் கேட்க ஒன்றும் இல்லாதவர்கள். எடுக்காதவர்கள் எங்களைப் போல. வீட்டில் பிள்ளை படிக்கும், பரீட்சை எழுதும், எஸ்.சி. என்கிற இரண்டு எழுத்து இன்னும் தேவைப்படும். தண்ணீரில் முங்கி எழுந்தால் அந்த எழுத்து போய்விடும். முங்கினால் சாதி போய்விடுகிறது என்று சர்க்கார் நம்புகிறது. எங்கள் ஊரில் வேறு யாரும் அப்படி நம்புவதாகத் தெரியவில்லை.

ஆகவே நாங்கள் ஞாயிறு தவறாமல் போவோம், பாடுவோம், காணிக்கை போடுவோம், உபவாசமும் இருப்போம். திருவிருந்து வந்தால் மட்டும் பின்வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொள்வோம். அப்பமும் ரசமும் எடுத்தவர்களுக்கு மட்டும்தான், தட்டு எங்கள் பக்கம் வராது. பந்தியில் உட்கார வைத்துவிட்டு இலை போடாமல் போன மாதிரி இருக்கும் எனக்கு. பாஸ்டர் மேடையில் ஏறினால் சிலுவையைச் சும, எல்லாவற்றையும் விடு என்று கண்ணாடி அதிரப் பேசுவார். தனியாகப் போய் எடுக்கட்டுமா என்று கேட்டால், “ஞானமா நடந்துக்கங்க சிஸ்டர்” என்பார். என் கொழுந்தன் ஜீவா அரசுப் பள்ளி வாத்தியார். ரிட்டயர் ஆன மறுநாளே எடுத்துக்கொள்வதாக ஆண்டவரிடம் சொல்லி வைத்திருக்கிறான். அவரும் இவன் சர்வீஸ் முடியட்டும் என்று காத்துக்கொண்டிருக்கிறார் போல.

என் பெயர் அமிர்தவள்ளி. ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருக்கிறேன். என் வீட்டுக்காரர் இன்பராஜ் டேனரியில் தோல் ஊறிச் சுழலும் டிரம் ஓட்டுகிறார். எங்களுக்கு ஒரே மகள், அவளுக்கு இரண்டு பேர். சபையில் ஜாஸ்மின். பள்ளிக்கூடத்தில் முத்துமாரி. “பேர்லயே சூலம் நிக்கட்டும் அண்ணி, நாளைக்கு எவனும் கேள்வி கேக்கமாட்டான்” என்று ஜீவா வைத்த பேர் அது.

அவள் கைக்குழந்தையாக இருந்தபோது மூளைக்காய்ச்சல் வந்தது. வேலூரில் ஆஸ்பத்திரி வராந்தாவில் முட்டி போட்டு, ஆண்டவரே இவளைப் பிழைக்க வை, முழுசாக உனக்கே தந்துவிடுகிறேன் என்றேன். எல்லாத் தாய்களும் சொல்வதுதான். கடன்காரனிடம் அடுத்த மாசம் தருகிறேன் என்று சொல்வது போலச் சொல்வோம். அவர் அதை வார்த்தைக்கு வார்த்தை எடுத்துக்கொள்வார் என்று யார் கண்டது.

பிழைத்தாள், படித்தாள். அவள் என் லைனுக்கு மட்டும் வரக்கூடாது என்பது என் வைராக்கியம். குனிந்து குனிந்து என் கழுத்து திரும்பாமல் போய்விட்டது. பசை நாற்றம் சோற்றில்கூட வரும். மூத்திரத்துக்குப் போக சூப்பர்வைசரிடம் கை தூக்க வேண்டும். அவள் ஃபேன் காற்றில் நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று நினைத்தேன். அதற்குத்தான் பின்வரிசை. போன வருஷம் சர்க்கார் பரீட்சையில் பாஸ் பண்ணினாள். இளநிலை உதவியாளர். தெருவுக்கே கேசரி கொடுத்தேன்.

நல்லது நடந்தால் தாங்காதவர்கள் எந்தத் தெருவில் இல்லை? இவர்கள் கிறிஸ்தவர்கள், இந்து என்று பொய் சொல்லி வேலை வாங்குகிறார்கள் என்று எவனோ மொட்டை பெட்டிஷன் போட்டுவிட்டான். விசாரிக்க ஆர்.ஐ. வீட்டுக்கு வருவதாகத் தகவல் வந்தது. ஆர்.ஐ. என்றால் ரெவின்யூ இன்ஸ்பெக்டர். அவர் எழுதுவதை வைத்துத்தான் சாதிச் சான்றிதழ் நிற்கும் அல்லது விழும்.

ஜீவா ஒரு முருகன் காலண்டரோடு ஓடிவந்தான். சபையில் புத்தாண்டுக்குக் கொடுத்த வசன அட்டையைச் சுவரிலிருந்து கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். முருகனை மாட்டினான். பிறகு மகளை உட்கார வைத்துப் பாடம் நடத்தினான்.

“இன்னா சாமி கும்புடுவீங்கன்னு கேப்பாரு. எல்லா சாமியும் கும்புடுவோம் சார்னு சொல்லு. சர்ச்சுக்குப் போவீங்களா? எப்பனா போவோம் சார், மனசுக்கு நிம்மதியா இருக்கும், திருவண்ணாமலைக்கும் போவோம்.” கேள்வியும் அவனே, பதிலும் அவனே. வகுப்பிலும் இப்படித்தான் நடத்துகிறான் போல. “கடைசியா ஞானஸ்நானம் எடுத்தியான்னு கேப்பாரு. அதுக்கு மட்டும் பளிச்சுனு இல்லன்னு சொல்லணும். முழுங்கக் கூடாது.”

“எடுத்துட்டேன் சித்தப்பா,” என்றாள் ஜாஸ்மின்.

நான் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. போன மே மாசம் ஆலங்காயத்தில் வாலிபர் முகாம் என்று போயிருந்தாள். அங்கே ஒரு விவசாயியின் பம்ப்செட் தொட்டியில் எடுத்திருக்கிறாள். வீட்டில் சொன்னால் பயப்படுவோம் என்று சொல்லவில்லையாம்.

“யாரு குடுத்தா?” என்றான் ஜீவா.

“சென்னையிலருந்து வந்த பிரதர்.”

“சபை ரெஜிஸ்டர்ல ஏத்தனாங்களா?”

“இல்ல.”

ஜீவா முகத்தில் உயிர் வந்தது. “அப்ப எடுக்கல. எழுதலன்னா எடுக்கல. அவ்ளோதான்.”

“முங்கனது நான் சித்தப்பா,” என்றாள் அவள்.

அவன் எழுந்து நின்று கத்தினான். இவள் வாயைத் திறந்தால் இவளோடு போகாது, ஒரே குடும்பம், நாளைக்கு என் சர்டிபிகேட்டையும் நோண்டுவார்கள், என் சர்வீஸ் என்ன ஆவது, என் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. சத்தம்தான் ஜாஸ்தி. என் வீட்டுக்காரர் வாசற்படியில் உட்கார்ந்து உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னதான் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். “சொல்லுன்னும் என்னால சொல்ல முடியல. சொல்லாதன்னும் சொல்ல முடியல” என்றார். இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டதற்கு நான் அந்த டிரம்மையே கட்டியிருக்கலாம். அதுவாவது ஒரு பக்கமாகச் சுற்றும்.

மறுநாள் காலை துணி துவைக்கிற இடத்தில் அவளைத் தனியாகப் பிடித்தேன்.

“ஒரே ஒரு இல்ல. அத்தோட முடிஞ்சிது. பேதுரு மூணு வாட்டி ஆண்டவரத் தெரியாதுன்னு சொன்னாரு. அவரு கையிலதான் ஆண்டவர் சபையவே குடுத்தாரு. ஒனக்கு ஒரு வாட்டி மன்னிக்கமாட்டாரா?”

“அவரு அப்புறம் வெளிய போயி அழுதாரும்மா.”

“நீயும் அழு. வேலையில சேந்துட்டு அழு. ஆபீஸ்ல ஃபேன் கீழ ஒக்காந்து அழு.”

அவள் சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ஈரத்துணியால் அவள் முதுகில் ஓங்கி ஒன்று போட்டேன். அது விளையாட்டு இல்லை என்று இரண்டு பேருக்குமே தெரிந்தது.

“எனக்கு ஆசை இல்லன்னு நெனைக்கிறியாம்மா?” என்றாள். “ராப்பகலா படிச்சது நான்தானே. பயத்துல சோறு எறங்கல. ஆனா இல்லன்னு சொல்லிட்டு அந்த நாற்காலியில ஒக்காந்தா, டெய்லி போயி ஒக்காரும்போதெல்லாம் மறுபடியும் இல்லன்னு சொல்ற மாதிரியே இருக்கும். என்னால முடியாதும்மா.”

“எங்களால மட்டும் முடியுதா?”

என்னைப் புண்படுத்தக் கூடாது என்று அவள் துணியைப் பிழிவதில் இறங்கினாள். எனக்குக் கோபம் மட்டும் இல்லை, பொறாமையும் இருந்தது. அதை மறைப்பானேன். யாருக்காக அத்தனை வருஷம் பசியோடு பின்னால் உட்கார்ந்திருந்தேனோ, அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எனக்கு முன்னால் போய்விட்டாள். எனக்கும் அந்தத் தொட்டியில் முங்க ஆசை இருக்காதா?

ஆர்.ஐ. மத்தியானம் வந்தார். நெற்றியில் விபூதி, கையில் ஃபைல், கூடவே ஒரு தலையாரி. நல்ல மனுஷன்தான். வெயிலில் அலைந்து களைத்திருந்தார், சீக்கிரம் முடித்துவிட்டுப் போகிற அவசரம் முகத்தில் தெரிந்தது. மோர் வாங்கிக் குடித்தார். முருகனை ஒரு பார்வை பார்த்தார். காலண்டரைத் தாண்டிச் சுவரில் பழைய அட்டையின் அளவுக்கு நிறம் மாறியிருந்ததையும் பார்த்தார். பேர், வயசு, படிப்பு எல்லாம் கேட்டு எழுதினார். கடைசியில் அதையும் கேட்டார்.

“எடுத்திருக்கேன் சார்,” என்றாள் என் மகள்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “பாப்பா, கேள்விய சரியா காதுல வாங்கு. சர்ச்சுக்குப் போறதும் மாதா கோயிலுக்குப் போறதும் வேற, மதம் மாறுறது வேற. வேளாங்கண்ணிக்கு நானே வருஷா வருஷம் மொட்ட போடப் போறேன். அதுல ஒரு தப்பும் இல்ல. நான் கேட்டது, முறையா மதம் மாறி ஞானஸ்நானம் எடுத்தியான்னு.”

தப்பிக்கிற கதவை அவரே திறந்து வைத்து, போம்மா போம்மா என்று கும்பிடுகிறார். ஜீவா தொண்டையைக் கனைத்தான். நான் மனசுக்குள் ஆண்டவரைக் கூப்பிட்டேன். அவள் உன்னை மறுதலிக்க உதவி செய் என்று உன்னிடமே கேட்கிறேனே, என் பிழைப்பைப் பார் என்றேன்.

“புரிஞ்சுது சார். நானா விரும்பி எடுத்தேன். யாரும் சொல்லிக் குடுக்கல.” துப்பட்டா நுனியை விரலில் இறுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தாள். குரல் ஆடவில்லை.

“வேலை போயிடும்மா. எஸ்.சி. போயி பி.சி. ஆயிடுவ, அந்த லிஸ்ட்டுல ஒன்னோட மார்க் பத்தாது.”

“தெரியும் சார்.”

அவர் பேனாவை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “நீங்க எடுத்திருக்கீங்களாம்மா?”

வீடு முழுக்க என் வாயைப் பார்த்தது. ஜீவாவின் உதடு வெளுத்திருந்தது. என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கவில்லை. மகள் மட்டும் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். அவள் பார்த்தால் எனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

“இல்ல சார். நான் எடுக்கல,” என்றேன்.

“ஒங்க வீட்டுக்காரரு?”

“அவரும் எடுக்கல.”

“அப்ப நீங்க இந்துதானே?”

“ஆமா சார்.”

எழுதினார். கொழுந்தனையும் அதே வரியில் சேர்த்துக்கொண்டார். பெற்றோர் இந்துக்கள், குடும்பத்தில் யாரும் மதம் மாறவில்லை, மகள் மட்டும் தன் இஷ்டப்படி மாறியிருக்கிறாள் என்று வாசித்துக் காட்டி என்னிடம் கையெழுத்து வாங்கினார். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, “நல்ல பொண்ணும்மா” என்றார். அதை எதற்குச் சொன்னார் என்று தெரியவில்லை.

அவர் தெரு திரும்புகிறவரைக்கும் ஜீவா வாசலில் நின்று பார்த்தான். பிறகு பொத்தென்று உட்கார்ந்து, டீ போடச் சொன்னான். டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு, “பொழச்சோம் அண்ணி. நீங்க கரெக்ட்டா சொன்னீங்க” என்றான். அந்த டம்ளரை அவன் கையிலிருந்தே பிடுங்கி, டீயை வாசலில் ஊற்றினேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

ஜாஸ்மின் அடுப்படியில் மோர் குடித்த சொம்பைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் பின்னால் போய் நின்றேன். அவளை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் கை வரவில்லை.

“ஒங்க கம்பெனில ஹெல்பருக்கு ஆள் எடுக்கறாங்கன்னு சொன்னியே. இன்னும் எடுக்கறாங்களாம்மா?” என்று கேட்டாள். “அடுத்த பரீட்சை வர்ற வரைக்கும். வீட்ல சும்மா ஒக்காந்திருந்தா பேஜாரா இருக்கும்.”

அவள் கையிலிருந்த சொம்பையே பார்த்தேன். “எம்மேல கோவமாடி?” என்றேன்.

“எதுக்கும்மா? நீ உண்மையத்தானே சொன்ன.”

குத்திக்காட்டச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சண்டை போட்டுச் சரிகட்டியிருப்பேன். அவள் என்னைத் தேற்றத்தான் சொன்னாள், மனசாரச் சொன்னாள். நான் சொன்னது உண்மைதான். ஆனால் அவளைத் தனியாக நிற்கவிட்டு நாங்கள் மூன்று பேரும் தப்பிக்க, ஒரு பொய்கூடத் தேவைப்படவில்லை. எடுக்கவில்லை என்றேன். எடுக்கத்தான் இல்லை. ஆண்டவரே, என் கையைக் கேட்டிருந்தால் வெட்டிக் கொடுத்திருப்பேன். என்னை விட்டுவிட்டு என் பிள்ளையைக் கேட்டாய். அவளும் வந்துவிட்டாள். நான் யாரோடு சண்டை போடுவது?

அழுதேன். அவள் சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

“காலைல கம்பெனி வேன் சீக்கிரம் வந்துடும்,” என்றேன். “மத்தியானத்துக்கு சோறு கட்டிக்கணும். அங்க வாங்கித் தின்னா கட்டுப்படியாவாது.”