காலிப் பணியிடத்து மேடம்

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. கதாசிரியர் இந்தக் கதையைத் தேடிப் போகவில்லை. வீட்டில் எழுத உட்கார்ந்தால் யாராவது காய் நறுக்கச் சொல்கிறார்கள் என்று பொது நூலகத்துக்குப் போனார். அங்கே ஒரு மாபெரும் நாவலை எழுதுவதாக இருந்தது. நாவல் தலைப்போடு நின்றுவிட்டது, இது கிடைத்தது.

(கதாசிரியர் என்பது நான்தான். 'நான்' என்று எழுதினால் மேடையில் தொண்டையைச் செருமுவது போலிருக்கிறது. தவிர, இன்னொருவர் என்று வைத்துக்கொண்டால் கேலி செய்ய வசதி.)

2.

முதல் தொடக்கம்: 'ஜன்னல் வழியே வழிந்த வெயில் அவளுடைய கனவுகளின் மீது

வேண்டாம். அந்த ஜன்னலைத் திறந்து வைத்ததே அவள்தான்.

இரண்டாம் தொடக்கம்: அந்த நூலகத்தில் உதவியாளர் பணியிடம் வெகுகாலமாகக் காலி. அதற்குத் தேர்வு அறிவித்தார்கள், தள்ளிவைத்தார்கள், மறுபடி தேதி சொன்னார்கள், மறுபடியும் தள்ளிவைத்தார்கள். அந்தத் தேர்வுக்குப் படிக்க அவள் அங்கேயே வந்து உட்கார்ந்தாள். ஒருநாள் மழைக்கு ஜன்னலைச் சாத்தினாள். பிறகு கலைந்த பேப்பர்களை மடித்து வைத்தாள். யாரோ சட்டப் புத்தகம் எங்கே என்று கேட்க, எழுந்துபோய் எடுத்துக் கொடுத்தாள். இப்போது அலமாரி அடுக்குவது, கிழிந்ததை ஒட்டுவது எல்லாம் அவள்தான். வாசகர்கள் அவளை 'மேடம்' என்கிறார்கள். சம்பளம் மட்டும் கிடையாது.

இது பரவாயில்லை. கனவு, வெயில் எதுவும் இல்லை.

3.

அவளைப் 'பொறுமையின் உருவம்' என்று எழுதி, பெருமை தாங்காமல் அவளிடமே படிக்கக் கொடுத்தார் கதாசிரியர்.

"யார் சார் இது?"

"நீங்கதான் மேடம்."

"எனக்கெல்லாம் பொறுமை கிடையாது. வீட்ல இருந்தா 'எப்போ பரீட்சை, எப்போ பரீட்சை'ன்னு அண்ணி கேட்டுட்டே இருப்பாங்க. அதுக்குத்தான் இங்க வரேன். சும்மா உக்காந்தா தூக்கம் வருது, அதுக்குத்தான் அடுக்கறேன்."

"அப்போ என்னன்னு எழுதட்டும்?"

"கோவம்னு எழுதுங்க."

அடித்துவிட்டு 'கோபக்காரி' என்று எழுதினார். அதுவும் பொருந்தவில்லை. அதைச் சொன்ன கையோடு அவள் யாருக்கோ அகராதியை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

4.

கதைக்கு ஒரு சம்பவம் வேண்டும். (இவர் கதைகளில் பொதுவாக இருக்காது. நண்பர்கள் அதை ஆழம் என்று சொல்லிச் சமாளிப்பார்கள்.) அதை நூலகரே கொண்டுவந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"நாளைக்கு ஆய்வுக்கு வராங்கம்மா. ஆள் போடாமலே நல்லா ஓடற நூலகத்துல இந்த உதவியாளர் பணியிடத்தையே எடுத்துடப் போறாங்களாம்."

"எடுத்துட்டா?"

"பணியிடம் போச்சுன்னா பரீட்சையும் போச்சு. நம்ம நூலகத்துமேல ஒரு புகார்கூட இல்லையாம். போன்ல பாராட்டறாங்க."

இந்த இடத்தில் கதாசிரியர் 'அவள் அழுதாள்' என்று எழுதியிருந்தார். அவள் சிரித்தாள். அடுத்த வருஷம் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். காத்திருந்த வேலையைத் தன் கையாலேயே தேவையில்லாததாக ஆக்கியிருக்கிறாள். கதாசிரியர் செய்ததெல்லாம் 'அழுதாள்' என்பதை அடித்து 'சிரித்தாள்' என்று மாற்றியதுதான். சொற்களோடு பிழைப்பு நடத்துகிறவர் என்று பெயர்.

"நாளைக்கு ஒருநாள் எதையும் தொடாதம்மா," என்றார் நூலகர். "கலைஞ்சே கிடக்கட்டும். திட்டை நான் வாங்கிக்கறேன்."

5.

முடிவு ஒன்று: அதிகாரி குப்பையைப் பார்த்துக் கொதிக்கிறார், உடனே தேர்வுத் தேதி வருகிறது. (இதை நம்புகிறவர்கள் தேர்வு எழுதியதில்லை.)

முடிவு இரண்டு: அவளால் தாங்க முடியவில்லை. 'அவளுடைய விரல்கள் தாமாகவே அலமாரியை நோக்கி

விரல்கள் தாமாக எதுவும் செய்வதில்லை. பிழைப்பில்லாத கதாசிரியர்கள்தான் செய்ய வைக்கிறார்கள்.

6.

மறுநாள் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மேஜையெல்லாம் புத்தகக் குவியல். அவள் மூலையில் தேர்வு வழிகாட்டிப் புத்தகத்தை விரித்து வைத்து, குனிந்த தலை நிமிராமல் இருக்கிறாள். காலையிலிருந்து அதே பக்கம். கதாசிரியர் இரண்டு மேஜை தள்ளி, இதை எழுதிக்கொண்டிருக்கிறார்.

அதிகாரி வந்தார். "போன வருஷ ஆண்டறிக்கை எங்க இருக்கு?"

நூலகர் ஒரு அலமாரியைத் திறந்தார், பிறகு இன்னொன்றை. நடிக்கிறார் என்று நினைக்காதீர்கள். அவருக்கு நிஜமாகவே தெரியாது.

"யாருக்குமே தெரியாதா?"

பேப்பர் படிக்கிறவர்கள் நிமிர்ந்தார்கள். பழக்கதோஷம், ஒவ்வொரு கழுத்தாக அவள் பக்கம் திரும்பத் தொடங்கியது. கதாசிரியரின் கழுத்தும்தான், பாதியில் பிடித்து நிறுத்தி, காகிதத்தைப் பார்க்கிறார். அதிகாரியோ ஆண்டறிக்கையை விட்டுவிட்டு, எல்லோருடைய கண்ணும் எங்கே போகிறது என்று கவனிக்கிறார்.

இதற்கு மேல் என்னால் எழுத முடியாது. உங்களுக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன், உட்காருங்கள். அதிகாரி அடுத்து உங்களிடம்தான் வருகிறார். ஆண்டறிக்கை எங்கே என்று கேட்பார். தயவுசெய்து அவள் பக்கம் திரும்பிவிடாதீர்கள்.